நிறம் நீக்கப்பட்டவள்

திருமண விடுப்பு முழுக்க வீட்டோடு இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பிய காலையில் மிருதுளாவுக்கு ஆஸ்பத்திரியின் ஊழியர் கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்கு மேலிருந்த கேமராவிடம் முகத்தைக் காட்டினாள். மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு மறுபடி காட்டினாள். இந்த முறை விளக்கே எரியவில்லை. பின்னால் நின்ற நர்ஸ்கள் அவளைத் தாண்டி ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

கோவையிலிருந்த அந்த ஆஸ்பத்திரியில் அவள் பிசியோதெரபிஸ்ட். புதுக் கணவன் இன்பராஜ் அங்கேயே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தான். பைக்கில் அவளைக் கூட்டிவந்திருந்த அவனுக்குக் கதவு திறந்தது. உள்ளே போனவன் அவள் வராததைக் கண்டு காவலாளியோடு திரும்பி வந்தான். காவலாளி கையிலிருந்த திரையில் அவள் முகத்தைத் தேடினார். தேடிய பிறகு ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"மேடம், உங்க படம் கறுப்பு வெள்ளையா இருக்குதுங்க."

அந்தக் காலத்தில் ஒருவருக்கு ஒரு படம்தான். பதினெட்டு வயதானதும் முகப்பதிவு மையத்துக்குப் போய் எடுத்துக்கொள்ளும் வண்ணப்படம். வங்கி, பேருந்து, மருந்துக்கடை, சொந்த வீட்டு வாசல் என்று எல்லாமே அந்தப் படத்தோடு முகத்தை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் திறந்தன. ஆள் இறந்துபோனால் வீட்டார் மையத்துக்குப் போய்ப் படத்திலிருந்து நிறத்தை எடுத்துவிடுவார்கள். இறப்புச் சான்றிதழ் என்று தனியாக எதுவும் கிடையாது. கறுப்பு வெள்ளைப் படம்தான் சான்றிதழ். அதையே பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டி மாலை போட்டுக்கொள்வார்கள்.

மிருதுளா முதலில் சிரித்தாள். "எதோ தப்பு நடந்திருக்கு, வா போய்ச் சொல்லிட்டு வருவோம்" என்றாள். இன்பராஜ் சிரிக்கவில்லை. அவள் வீட்டைப் பற்றி அவளைவிட அவனுக்குத்தான் சரியாகத் தெரிந்திருந்தது. அவள் வீட்டாருடைய தெருவுக்குள் அவன் சாதிக்காரர்கள் செருப்புப் போட்டு நடக்க ஆரம்பித்ததே அவன் அப்பா காலத்தில்தான்.

மையத்தில் அவர்களை விசாரித்த அதிகாரியின் பெயர் தமயந்தி. ஐம்பதை நெருங்கிய, குரலை உயர்த்தாத பெண்மணி. மிருதுளாவை உட்காரச் சொல்லிவிட்டுப் பதிவை எடுத்துப் பார்த்தார்.

"சென்னியப்பன், ரங்கநாயகி. உங்க அப்பா அம்மாவா?"

"ஆமாங்க."

"அவங்க ரெண்டு பேரும்தான் வந்து நிறம் நீக்கியிருக்காங்க. உங்க கல்யாணத்துக்கு மறுநாள்."

"நான் உயிரோட இருக்கேனே மேடம். நோட்டீஸ் எதுவும் அனுப்ப மாட்டீங்களா?"

"அனுப்பினோமே, நிறம் எடுத்த அன்னைக்கே. ஆட்சேபணை இருந்தா ரெண்டு வாரத்துல சொல்லுங்கன்னு."

"யாருக்கு அனுப்பினீங்க?"

"குடும்பத்துக்கு" என்றார் தமயந்தி. அதைச் சொல்லும்போது அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்பராஜ் முன்னால் சாய்ந்தான். "இப்படி யார் வேணா வந்து யாரை வேணா சாகடிச்சிரலாமா?"

"யார் வேணா முடியாதுங்க. மொதல்ல டாக்டருங்க கையில இருந்தது, காசு வாங்கிட்டுப் பண்ணினாங்க. அப்புறம் போலீஸ் கையில கொடுத்தாங்க, அது இன்னும் மோசம். கடைசியில சட்டத்தையே மாத்தி நேர் உறவு ரெண்டு பேர்னு வச்சாங்க. பெத்தவங்க, பெத்த பிள்ளைங்க, கட்டினவங்க. குடும்பத்தை விட நம்பிக்கையானவங்க யாரு இருக்காங்க?"

"சரி, என் நிறத்தைத் திருப்பிப் போட்டிருங்க" என்றாள் மிருதுளா.

"அது முடியாதும்மா. வண்ணப்படத்துல ஒவ்வொரு புள்ளிக்கும் மூணு எண் இருக்கும். சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவுன்னு. நிறம் எடுக்கும்போது மூணும் போயி ஒரே எண் ஆயிடும். இப்ப அந்த ஒண்ணைக் கையில வச்சுக்கிட்டு மூணையும் எங்க போயித் தேடுவேன்? மூலப்படத்தையும் வச்சிருக்கக் கூடாது, அழிச்சிரணும்."

"புதுசா ஒரு படம் எடுங்க. இதோ உக்காந்திருக்கேன்."

"நீங்க உயிரோட இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது. நீங்கதான் மிருதுளான்னு யாரு சொல்லுவா? நிறத்தை எடுத்த அதே ரெண்டு பேர் வந்து, தவறுதலா நடந்திருச்சுன்னு சொல்லணும். சொன்னா அவங்களுக்குத் தண்டனை எதுவும் இல்ல."

"ரத்தத்தைப் பாத்தாத் தெரிஞ்சிருமே" என்றான் இன்பராஜ்.

"ஒத்துப் பாக்க அவங்க ரத்தம் வேணும். கொடுக்கச் சொல்லி நான் கட்டாயப்படுத்த முடியாது."

மிருதுளா திரையைத் தன் பக்கம் திருப்பினாள். கல்லூரியில் சேர்ந்த வருடம் எடுத்த படம். பொட்டும் உதட்டோரச் சிரிப்பும் அவளுடையவைதான். ஆனால் முகம் வெளுத்திருந்தது. கன்னத்தில் பால் வடிகிற மாதிரி ஒரு வெள்ளை. தாய்வழிக் கறுப்பு என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு அலுத்துப்போன தோல் அந்தப் படத்தில் இல்லை.

"இது ஏன் இப்படி இருக்கு?"

தமயந்தி குரலை இன்னும் தாழ்த்தினார். "மூணு எண்ணையும் சரிவிகிதத்துல கலந்தா உள்ள நிறம் உள்ளபடி வரும். சிவப்பை மட்டும் வச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் விட்டுட்டா, நம்ம ஊர்த் தோலு வெளுப்பா வந்துரும். குடும்பத்துக்கு எல்லா விதமும் காட்டுவோம். எது வேணும்னு கேக்கறாங்களோ அதைக் கொடுப்போம்."

"என்னோடதுக்கு இதைக் கேட்டாங்களா?"

"பெரும்பாலும் எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க."

மிருதுளா திரையை அதிகாரி பக்கமே திருப்பி வைத்தாள். "என்னை மாதிரி வேற யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

"வர்றாங்க. எல்லாம் உங்க வயசுப் பொண்ணுங்கதான்."

"தெரிஞ்சேதான் பண்றீங்க."

தமயந்தி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பேருந்து அவளை ஏற்றாது என்பதால், அந்த ஞாயிற்றுக்கிழமை இன்பராஜின் பைக்கில் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்திலிருந்த அவள் ஊருக்குப் போனார்கள். ஊர் நாற்சந்தியிலேயே ஃபிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. அந்த வெளுத்த முகம் கட்டில் அளவுக்குப் பெரிதாக நின்றது. அவள் பெயருக்குக் கீழே படித்த படிப்பைப் போட்டிருந்தார்கள். கருமாதி நாள் என்று அச்சிட்டிருந்தது அன்றைய தேதிதான்.

"திரும்பிப் போயிரலாம்" என்றான் இன்பராஜ்.

"நீ இங்கயே நில்லு. அவங்க உன்னைத் தொட்டுட்டா என்னால தாங்க முடியாது. நான் மட்டும் போயிட்டு வர்றேன்."

வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தது. பந்திக்கு மேல் பந்தியாகச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. வடை எண்ணெயின் வாசனையும், எச்சில் இலைகளைக் கொட்டியிருந்த மூலையிலிருந்து புளித்த நாற்றமும் ஒன்றாக வந்தன. மிருதுளா பந்தலுக்குள் நுழைந்தபோது ஒரு வரிசை முழுக்க நிமிர்ந்து பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடி இலைக்குக் குனிந்தது. அவளுக்கு ஐந்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் ரசத்தை உறிஞ்சினார். கூடப் படித்த லாவண்யா இலையைப் பாதியில் மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். எழுந்தது அவள் ஒருத்திதான்.

நாச்சிமுத்து மாமா நடு வரிசையில் இருந்தார். அம்மாவின் தம்பி. சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கி மாரியம்மன் திருவிழா காட்டியவர். பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். பாயசம் மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. அவளைப் பார்த்துக்கொண்டே கையை நக்கினார்.

"மாமா, நல்லா இருக்குதா சாப்பாடு?" என்று கேட்டாள் மிருதுளா.

மாமா பக்கத்து இலைக்காரரிடம், "வெயிலு இன்னைக்கு அதிகமுங்க" என்றார்.

அப்பா சென்னியப்பன் வெள்ளை வேட்டியும் மழித்த தலையுமாகப் பரிமாறுகிறவர்களை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். மிருதுளா நேராக அவர் முன்னால் போய் நின்றாள். அவர் கண் அவள் முகத்தில் பட்டது, நகர்ந்தது. "அந்தக் கடைசி எலைக்குப் பொரியல் வைக்கலியாடா?" என்று யாரையோ அதட்டிக்கொண்டு அவளைச் சுற்றிப் போனார். தூணைச் சுற்றிப் போவதைப் போலப் போனார்.

கத்த வேண்டும், இலைகளை வாரி எறிய வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் மென்றுகொண்டிருந்த அத்தனை வாய்களையும் பார்த்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. கை கழுவும் இடத்துக்கு ஓடி வாந்தியெடுத்தாள். முதுகில் ஒரு கை தடவியது. அம்மா.

"மெதுவா கண்ணு, மெதுவா" என்றாள் ரங்கநாயகி. பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணுனீங்க?"

"உங்கப்பன் தூக்குல தொங்கிருவன்னு கவுறு எடுத்துட்டாரு. நானு என்ன பண்ணட்டும்? அவிய கூப்பிட்டாங்க, போயி மொகத்தக் காட்டிட்டு வந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டவள் குரலைத் தாழ்த்தினாள். "படம் பாத்தியா? நல்லாச் செவப்பா வந்திருக்கற. அந்த ஆபீசுல மூணு நாலு காட்டுனாங்க, நாந்தான் இதை எடுத்தேன்."

மிருதுளா அவள் கையை முதுகிலிருந்து எடுத்துவிட்டாள்.

"அவன விட்டுப்போட்டு வந்துரு கண்ணு. தப்பா நடந்துபோச்சுன்னு நாங்களே போயிச் சொல்லி எல்லாத்தையும் சரி பண்ணிரலாம். இப்பவே உள்ள வந்து ஒரு வாய் சாப்பிடு."

"என் கருமாதிச் சோத்தையாம்மா?"

அம்மாவுக்கு அப்போதுதான் தான் சொன்னது உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். மிருதுளா திரும்பிப் பார்க்காமல் பந்தலை விட்டு வெளியே நடந்தாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அவள் வெளியே போனதே குறைவு. காய்ச்சல் வந்தால் இன்பராஜ் தனக்கென்று சொல்லி மருந்து வாங்கி வந்தான். போலீஸில் புகார் கொடுக்கப் போனபோது, இறந்தவர் பெயரில் புகார் எடுக்க முடியாது என்றார்கள். வக்கீல் அதையே மரியாதையாகச் சொன்னார். வாடகை வீட்டுக்காரர், செத்தவளை வைத்துக் குடித்தனம் நடத்துவது தன் வீட்டுக்கு ஆகாது என்று காலி பண்ணச் சொன்னார். கடைசியில் ஒருநாள் தமயந்தியே இன்பராஜைக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். அது பரிகாரமா, மனசாட்சியா, அவருக்கே தெரியாமலிருக்கலாம்.

"வெள்ளத்துல, பூகம்பத்துல யாருமில்லாம வர்றவங்களுக்குன்னு ஒரு பிரிவு இருக்கு. பெற்றோர் அறியாதோர். என்னைப் பெத்தவங்க யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு சத்தியம் பண்ணிட்டாப் புதுப் பேர்ல புதுப் படம் எடுக்கலாம். ஆனா ரத்தம் எடுத்து வச்சுக்குவோம். பின்னால எப்பவாவது யாரோட ரத்தத்தோடயாவது ஒத்துப்போச்சுன்னா பதிவு ரத்து. பொய்ச் சத்தியத்துக்கு ஜெயிலும் உண்டு."

மிருதுளா சத்தியம் பண்ணினாள். சொல்லும்போது நாக்குத் தடுமாறவில்லை என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது. நிலானி என்று பெயர் வைத்துக்கொண்டாள். பேருந்துகள் மறுபடி திறந்தன. இன்பராஜ் அவளை இரண்டாம் முறை பதிவுத் திருமணம் செய்துகொண்டான். படித்த படிப்பு மட்டும் வரவில்லை. அது மிருதுளாவுடையது. தான் வேலை பார்த்த அதே பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தாள். படுக்கை விரிப்பு மாற்றுவதும் நோயாளிகளைப் பிடித்து உட்கார வைப்பதும் வேலை. புதிதாக வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி, பக்கவாத நோயாளியின் காலை எப்படித் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். தவறாகச் சொல்லிக்கொடுத்தாள். நிலானி "சரிங்க மேடம்" என்றாள்.

மூன்று வருடம் கழித்து ஒரு காலையில் அவர்கள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. நாச்சிமுத்து மாமா இறங்கினார். பின்னால் அம்மா. அம்மாவின் நெற்றி வெறுமையாக இருந்தது.

"உங்கப்பா போயிட்டாரு அம்மிணி" என்றார் மாமா. "முந்தாநேத்து. நெஞ்சு வலின்னாரு, அவ்வளவுதான்."

மிருதுளா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"அவர வீட்டுல ஐஸ் பெட்டிலதான் வச்சிருக்குது. மயானத்துல எரிக்கற ஒலை தொறக்க மாட்டீங்குது. படம் இன்னும் கலராவே இருக்குதாம். நேர் ஒறவு ரெண்டு பேரு வேணுமாம். அக்கா ஒரு ஆளு. அவிய அப்பனாத்தா எப்பவோ போயாச்சு, வேற பிள்ளையும் இல்ல. கோர்ட்டுக்குப் போனா மாசக்கணக்குல ஆகுமாம். ஊரே கேக்குது, மக இருக்கறப்ப எதுக்குக் கோர்ட்டுன்னு."

"மக இருக்கறப்பவா?" என்றாள் மிருதுளா.

மாமா கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நடந்தது நடந்துபோச்சு. நீ வந்து ஒருக்கா மொகத்தக் காட்டிட்டாப் போதும்."

இன்பராஜ் அவளைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டான். "போகாத. போனா மறுபடியும் அதே இருட்டுதான். அதுக்கு மேல ஜெயிலு."

"எனக்குத் தெரியும்."

"அப்புறம் எதுக்குச் செருப்பைப் போடற?"

"அவங்க எவ்வளவு தூரம் போவாங்கன்னு பாக்கணும்" என்றாள். அது உண்மைதான். ஆனால் முழு உண்மையா என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை. அப்பா என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அடிவயிற்றில் ஏதோ கல்லாக இறங்கியிருந்தது. அது துக்கமாக இருந்துவிடக் கூடாதே என்றிருந்தது.

காரில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மையத்தில் தமயந்தி இருந்தார், முடி முன்னைவிட நரைத்திருந்தது. மிருதுளாவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஆனால் வழக்கமான கேள்விகளையே கேட்டார். இறந்தவர் பெயர், இறந்த விதம். முதல் உறவு, மனைவி ரங்கநாயகி. "ரெண்டாவது?"

"மகளுங்க" என்று மிருதுளாவைக் காட்டினார் மாமா.

தமயந்தி விரல்களைத் திரையிலிருந்து எடுத்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இவங்க பெற்றோர் அறியாதோர்ல பதிவானவங்க. மகள்னு நீங்க சொன்னா நான் ரத்தம் ஒத்துப் பாக்கணும். ஒத்துப்போச்சுன்னா உங்க மச்சானோட படத்துல நிறம் போகும். கூடவே இவங்க பதிவும் ரத்தாகும். பொய்ச் சத்தியம் பண்ணுனதுக்கு வழக்கும் வரும்."

"அதெல்லாம் அப்புறமேட்டுக்குப் பாத்துக்கலாமுங்க. நம்மாளு ஒருத்தரு வக்கீலு இருக்கறாரு. மொதல்ல மச்சானை அனுப்பி வைக்கோணும். ஒடம்பு தாங்காது பாருங்க."

மிருதுளா அவரையே பார்த்தாள். பாயசம் வழிந்த மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. இந்த ஆளுக்கு நாம் இரண்டாம் முறையும் சாகலாம், இவருக்குப் பசி எடுக்காமல் போகாது என்று தோன்றியது.

"ரத்துன்னா என்னங்க?" என்று கேட்டாள் ரங்கநாயகி. காலையிலிருந்து அவள் பேசிய முதல் சொற்கள் அவை.

"மறுபடியும் நிறம் போயிடும்மா. இந்தத் தடவை நீங்களே வந்து கேட்டாலும் திருப்ப முடியாது. கடைசி வரைக்கும் அப்படித்தான்."

ரங்கநாயகி மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தாள். வெறும் கழுத்தையும், ஆஸ்பத்திரி உதவியாளர்கள் போடும் நீலச் சட்டையையும், சோப்புத் தண்ணீரில் வெடித்துப்போன விரல்களையும் பார்த்தாள். பிறகு அதிகாரியிடம் திரும்பினாள்.

"இது என்ற மக இல்லீங்க."

"அக்கா!" என்றார் மாமா.

"என்ற மக செத்துப்போயிட்டா. நாந்தான் இங்க வந்து மொகத்தக் காட்டி எழுதிக் கொடுத்தேன். உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும், பாருங்க. இது யாரோ பொண்ணு. இவன் ஆளு மாறிக் கூட்டியாந்துட்டான்."

மாமா மேஜையைத் தட்டினார். "பெட்டில கெடக்கறது உன்ற புருசன்! நாறிப்போகும், தெரியுமா? என்ன பேசறன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"நாறட்டும்" என்றாள் ரங்கநாயகி.

தமயந்தி மிருதுளாவிடம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க? இவங்களைத் தெரியுமா?" என்று கேட்டார்.

அம்மாவின் குரலில் நடுக்கமே இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பும் இதே அறையில், இதே குரலில்தான் சொல்லியிருப்பாள். தன்னைக் காப்பாற்றவும் அம்மாவுக்கு அதே வாக்கியம்தானா கிடைத்தது என்று அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பு அம்மாவின் மேலா, அந்த வாக்கியத்தில் தொங்கிக்கொண்டு உயிர் பிழைக்கப் போகிற தன் மேலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"தெரியாதுங்க" என்றாள்.

"சரி. ரெண்டாவது உறவு இல்லைன்னு எழுதிக்கறேன். உடம்பை அரசு பிணவறைக்குக் கொண்டுபோயிருங்க. கோர்ட் உத்தரவு வர்ற வரைக்கும் அங்கதான் இருக்கணும்."

மாமா வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வெளியேறினார். கார் அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.

மையத்துக்கு எதிரே பேருந்து நிறுத்தம். மிருதுளா போய் நின்றாள். சிறிது நேரத்தில் அம்மாவும் தெருவைத் தாண்டி வந்து, நிழற்குடையின் அந்தக் கோடியில் நின்றாள். மேலே கேமரா இருந்தது. இருவரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேருந்து வந்தது. மிருதுளாவுக்குக் கதவு திறந்தது, அவளுக்குப் பின்னால் அம்மாவுக்கும் திறந்தது. மிருதுளா முன்னால் உட்கார்ந்தாள். அம்மா நான்கைந்து இருக்கை தள்ளிப் பின்னால் போனாள்.

ஊருக்குப் போகிற வண்டிகள் நிற்கும் நிலையம் வந்ததும் ரங்கநாயகி எழுந்து முன்வாசலுக்கு வந்தாள். கூட்டத்தில் அவளுடைய புடவை மிருதுளாவின் தோளை உரசியது. அவள் நிற்கவில்லை, குனிந்தும் பார்க்கவில்லை. இறங்கி, பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டு, நேரே நடந்து போய்விட்டாள்.

புடவை பட்ட இடத்தை மிருதுளா கையால் தட்டிவிட்டாள், தூசியைத் தட்டுவது போல. பேருந்து கிளம்பியது. தட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ரொம்ப நேரம் காற்றிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.